மடிக்கணினியில் ஒரு கதவு

திகாம் பத்து,
வியாழன் இரவு

அன்புள்ள தம்பி விக்னேஸ்வரனுக்கு அக்கா எழுதுவது,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ஷாமளா இப்போதுதான் கண் அசந்தாள். பல் முளைக்கிறது, இரண்டு நாளாகக் காய்ச்சல். ஜொகூரில் வேலை எப்படி? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வாட்ஸ்அப் இருக்க இதென்ன கடிதம் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது.

அலோர் ஸ்டாரில் ஓர் அலுவலக வேலைக்கு விண்ணப்பம் எழுதி மடிக்கணினியில் வைத்திருந்தேன். இன்னும் அனுப்பவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. போன சனிக்கிழமை மாமியார் தோசை ஊற்றிக்கொண்டே, "அலோர் ஸ்டார் போயிட்டா புள்ளைய யாரு பாக்கறதாம்?" என்றார். என் வீட்டுக்காரர், உன் மாமா, தட்டிலிருந்து தலை நிமிரவே இல்லை.

முதலில் பக்கத்து வீட்டுப் பாப்பம்மா அக்கா மேல்தான் சந்தேகம். எங்கள் வைஃபையைத்தானே அவர்களும் பயன்படுத்துகிறார்கள். பாஸ்வேர்டை மாற்றினேன். மூன்று நாளாக அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

பிறகு மடிக்கணினியில் நீ போட்டுக் கொடுத்த லினக்ஸைக் கிளறினேன். வெளியாள் உள்ளே நுழையாமல் தடுக்கும் ஃபயர்வால் அணைந்தே கிடந்தது. வரும்போதே அப்படித்தான் வருமாம். இணையத்தில் இதற்கென்றே சண்டை நடக்கிறது. பாதிப் பேர் நீ அன்று சொன்னதையே சொல்கிறார்கள்: "கதவே இல்லாத சுவருக்குக் காவல் நிக்க ஜாகா எதுக்குக்கா?" மீதிப் பேர், நாளைக்கு யாராவது கதவு வைத்தால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்கிறார்கள். என்னென்ன திறந்திருக்கிறது என்று பார்க்கும்வரை நானும் உன் பக்கம்தான்.

ஒன்று திறந்திருந்தது. பிப்ரவரியில் பிரிண்டர் கெட்டபோது, அங்கிருந்தே சரிசெய்ய நீ வைத்த வழி. மோடத்திலும் அதற்கு இடம் விட்டிருக்கிறாய். பிரிண்டர் அன்றே சரியாகிவிட்டது. ஆனால் இந்த மாதம் மட்டும் மூன்று முறை உன் பெயரில் உள்ளே வந்த பதிவு இருக்கிறது. கடைசியாக, போன வெள்ளி இரவு.

அப்டேட் போட வந்திருப்பாய். அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். உன் மாமா வாரா வாரம் உன்னோடு பேசிவிட்டு, "ஒன் தம்பி கெட்டிக்காரன்லா, எல்லாத்தையும் பாத்துக்கறான்" என்று சிரிப்பது இப்போது வேறு மாதிரி காதில் விழுகிறது.

இன்று ஃபயர்வாலைப் போட்டுவிட்டேன். என் கைப்பேசியையும் நீதானே அமைத்துக் கொடுத்தாய்? அதனால்தான் பேனா எடுத்தேன்.

விண்ணப்பம் இருபதாம் தேதிக்குள் போக வேண்டும். அனுப்புவதா என்று கேட்கவில்லை. மாமாவிடம் நீ சொன்னாயா இல்லையா, அது மட்டும் தெரிய வேண்டும். நான் கல்லூரியில் சேர அப்பாவிடம் சண்டை போட்டவன் நீ. சொல்லியிருந்தாலும் கோபப்பட மாட்டேன்; பொய் மட்டும் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாக இரு. பதிலை இந்த வீட்டுக்கு அனுப்பாதே. என் தோழி கலைமகளின் தையல் கடை முகவரி பின்பக்கம் இருக்கிறது. சீக்கிரம் பதில் எழுது.

உன் அக்கா,
வாசுகி