நாயகி: பெயர் தெரியவில்லை

மாமா,

நாடகச் சங்கத்தின் ஆண்டு விழா மலர் செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. பிரித்ததும் அச்சு மை வாடை குப்பென்று அடித்தது. சின்னவன் கைக்கு எட்டாமல் மேசை நடுவில் வைத்துப் புரட்டினேன். தோ பாயோ அடுக்குமாடியில் ஏழாம் மாடி வீடு கிடைத்ததிலிருந்து அவன் எதை எடுத்தாலும் ஜன்னல் பக்கம்தான் ஓடுகிறான். என் உயிர் பாதி நேரம் அந்த ஜன்னல் கம்பியில்தான் இருக்கிறது.

பதினான்காம் பக்கத்தில் நீங்கள். முழுப் பக்கம். தலை கொள்ளாமல் பூ, முந்தானையிலும் ஒரு பூ, இடுப்பில் ஒரு கை, யாரையோ ஏளனமாகப் பார்க்கிற அந்தப் பார்வை. கீழே அச்சடித்திருந்தார்கள்: ‘ஐம்பதுகளில் நம் மேடை. நாயகி: பெயர் தெரியவில்லை.’

பெயர் தெரியவில்லையாம்!

கடைசிப் பக்கத்தில் மறைந்த உறுப்பினர்களின் பட்டியல். அதில் மட்டும் உங்கள் பெயர் தெரிந்திருக்கிறது. எதிரே இரண்டே சொற்கள்: ‘ஒப்பனை உதவி.’

நீங்கள் போய் ஒரு வருஷமாகிறது. துக்கத்தில் ஒரு வரிகூட எழுத வரவில்லை. இப்போது கோபத்தில் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பனை உதவி! பகலெல்லாம் ஜாலான் புசார் இரும்புக் கடையில் ஆணியும் திருகும் நிறுத்துப் போட்டுவிட்டு வருவீர்கள். சிராங்கூன் ரோட்டுச் சந்தில் நாம் குடியிருந்த மாடி வீட்டின் குழாயடியில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத் தோலால் நகக்கண்களைத் தேய்ப்பீர்கள். “நாயகி கையில கிரீஸ் இருந்தா கதாநாயகன் வழுக்கி விழுந்துருவான்” என்பீர்கள். பிறகு இரண்டாவது முறை முகச்சவரம். மீசையில்லாத ஆண்பிள்ளை அந்தத் தெருவிலேயே நீங்கள் ஒருவர்தான். கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சும்மா விடுவார்களா?

“என்னாம்மா தங்கச்சி, இன்னிக்கு யாரக் கட்டிக்கப் போறே?”

“உங்களத்தாண்ணே நெனச்சிருக்கேன். முகூர்த்தப் புடவைய இரவல் தர மாட்டேன்னு உங்க வீட்டுக்காரங்கதான் அடம் பிடிக்கிறாங்க!”

சிரித்தவர்களில் கேட்டவரும் ஒருவர். சிரிக்காமல் காறித் துப்பியவர்களும் இருந்தார்கள். அவர்களையும் நீங்கள் “அண்ணே” என்றுதான் கூப்பிட்டீர்கள். எனக்கு அது அப்போதே பிடிக்கவில்லை.

இரவல் புடவை என்றது விளையாட்டுப் பேச்சில்லை. சங்கத்துக்கு உடுப்பு வாங்க வசதி கிடையாது. நாடகத்துக்கு முந்தின நாள் நீங்கள் வீடு வீடாகப் போய் நிற்பீர்கள். “அக்கா, ரெண்டாவது காட்சில ஜமீன்தார் மக. உங்க பச்சைப் பட்டு இருந்தா நல்லா இருக்கும்.” விதவைக் காட்சிக்கு மட்டும் யாரும் தர மாட்டார்கள், நீங்களும் கேட்க மாட்டீர்கள். அதற்கென்று சொந்தமாக ஒரு வெள்ளைப் புடவை வைத்திருந்தீர்கள். மேடையில் நீங்கள் வந்ததும் பெண்கள் பக்கத்தில் கிசுகிசுப்பு ஓடும். “ஏய், என் பச்சை வந்துருச்சு பாரு!” “ஒனக்கு இருந்ததவிட அவருக்கு எடுப்பா இருக்குடி!” பிறகு நீங்கள் அழ, அவர்களும் அழுவார்கள். மறுவாரம் ஒவ்வொரு புடவையும் கஞ்சி போட்டு மடித்து, மேலே ஒரு முழம் மல்லிகையோடு வீடு திரும்பும்.

அம்மாவின் அரக்குப் புடவை மட்டும் ஒருமுறை மூன்று நாள் பிந்தி வந்தது. ஆரத்திக் காட்சியில் கற்பூரப் பொறி பட்டு முந்தானையில் ஓட்டை. நீங்கள் அதன்மேல் மஞ்சள் நூலால் ஒரு பூ தைத்து மறைத்திருந்தீர்கள். அம்மா விரித்துப் பார்த்துவிட்டு, “கடைக்காரனுக்கு இது தோணலையே” என்றாள். அடுத்த நாடகத்துக்கு அதே புடவையைத் தானே எடுத்துக் கொடுத்தாள்.

பத்து வருஷத்துக்கு மேல் அந்தச் சங்கத்துக்கு நாயகி நீங்கள்தான். அப்புறம் பெண்கள் நடிக்க வந்தார்கள். வரட்டும், வர வேண்டியவர்கள்தான். ஆனால் உங்களிடம் என்ன சொன்னார்கள்? “இனிமே நீங்க மேக்கப் பெட்டியப் பாத்துக்குங்க.” அந்தக் கடைசி இரண்டு வருஷத்தைத்தான் பட்டியலில் போட்டிருக்கிறார்கள்.

இவர்களை இவ்வளவு திட்டுகிறேனே, நான் என்ன செய்தேன்? காலேஜ் படித்தவள். என் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் உங்களைப் பற்றிக் கேட்டபோது அப்பா, “இரும்புக் கடையில வேலை” என்று முடித்துக்கொண்டார். நான் தட்டில் இருந்த பலகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்தன்று நீங்கள் புடவை கட்டிவிட்டால்தான் நிற்கும் என்று எனக்குத் தெரியும். “சனங்க என்ன பேசும்?” என்று அம்மா கதவைச் சாத்தினாள். நீங்கள் வெளியே நின்று அத்தைக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். “ஏழு மடிப்பு போதும், அவ குட்டை. முந்தானையத் தூக்கிப் பிடிங்க, தரையில பட்டா மடிப்பு கலஞ்சிரும்.” கதவைத் திற என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பந்தியில் நீங்கள் தண்ணீர்ச் செம்போடு நின்றதையும் பார்த்தேன். இவர் என் தாய்மாமா என்று அங்கே யாருக்கும் நான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சின்னவனைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். இப்போது தலைவராக இருப்பவர் யார் தெரியுமா? அன்றைக்கு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடிய அதே கதாநாயகன். மலரில் உள்ள படத்தில் உங்கள் தோளில் ஒரு கை இருக்கிறது. கைக்குரிய ஆளை வெட்டிவிட்டார்கள்.

“உங்களுக்குமா ஐயா பேர் தெரியல?” என்றேன்.

“தெரியாம என்னம்மா. ஒன் நல்லதுக்குத்தான் போடல. இப்பல்லாம் பெரிய ஆளுங்க பார்க்கிற மலர் லா. நாளைக்கு ஒன் புள்ளையக் கேப்பானுங்க, ஒங்க வீட்டுல ஒருத்தரு சேல கட்டுனவராமேன்னு. என்ன சொல்லுவே?”

அது என்னைத் தைத்தது மாமா. போன வாரம்தான் சின்னவன் என் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒய்யாரமாக நடந்தான். மாமியார் வெடுக்கென்று பிடுங்கி, “அந்த மாமன் புத்தி வந்துருச்சா?” என்றார். குழந்தை அழுதது. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் இவனை என்ன சொல்வார்களோ என்று பயந்துகொண்டேதான் இருக்கிறேன். அந்தப் பயத்தில் கை வைத்தால் நான் எழுந்து போய்விடுவேன் என்று தலைவர் நினைத்திருக்க வேண்டும்.

நான் போகவில்லை. பையிலிருந்து அம்மாவின் அரக்குப் புடவையை எடுத்து அவர் மேசைமேல், மலர்களின்மேல், விரித்தேன்.

“இந்தப் பூ படத்துல இருக்கு, பாருங்க. எங்க மாமா தச்சது. தோள்ல இருக்கிற கை யாருதுன்னும் எனக்குத் தெரியும். ரெண்டு பேரையும் எழுதட்டுமா, ஒருத்தர மட்டும் எழுதட்டுமா?”

அவர் அந்தப் பூவை விரலால் தடவினார். பிறகு சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

சனிக்கிழமை விழாவில் கொடுக்க வைத்திருந்த மலர்கள் மூன்று கட்டு இருந்தன. தபாலில் போனவை போனவைதான். மிச்சம் ஒவ்வொன்றிலும் பதினான்காம் பக்கத்தைப் பிரித்து, ‘தெரியவில்லை’ என்பதை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதினேன். அதன்கீழே, ‘என் தாய்மாமா’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கை கடுத்தது. கடுக்கட்டும்.

பாதியில் நிமிர்ந்து பார்த்தால், சின்னவன் மேசையிலிருந்து புடவையை இழுத்துத் தலையோடு போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்துகொண்டிருந்தான். தலைவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் கை தன்னால் நீண்டது, பிடுங்கத்தான்.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

“தூக்கிப் பிடிடா,” என்றேன், “தரையில பட்டா மடிப்பு கலஞ்சிரும்.”