நீங்கள் சொல்லாமல் விட்ட பெயர்

மடங்கிப்போன வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் என் தலையில் பூ வைத்துவிட்ட நாகரத்னக்காவுக்கு,

நம்ம மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழா மலரில், மறைந்துபோனவர்களுக்கு யார் வேண்டுமானாலும் அஞ்சலி எழுதலாம் என்றார்கள். எல்லாரும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுதுகிறார்கள். நான் உங்களுக்கு எழுதுகிறேன். "தமிழ் மலர்ல கன்னடக்கார அம்மாவுக்கா?" என்று கோயில் செயலாளர் கேட்டார். "அவங்க இல்லன்னா எழுதறதுக்கு நானே இல்ல சார்" என்றேன். பெயரைக் குறித்துக்கொண்டார்.

எனக்கு மளிகைக் கணக்கு எழுதிப் பழகிய கை, அக்கா. அழகாக எழுத வராது. சாமி பாட்டுப் புத்தகம் பார்த்து நானாகக் கற்றுக்கொண்ட எழுத்து இது. உங்களுக்குத் தமிழ் படிக்க வராது. ஆனாலும் இப்போது நீங்கள் இருக்கிற இடத்தில் அதெல்லாம் ஒரு தடையா என்ன?

என் பிள்ளை குமார் ஒரு பையனை அடித்துவிட்டான் அக்கா. மண்டை உடைந்து, அந்தப் பையன் இன்னும் கண் திறக்கவில்லை. முதலில் இதைச் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

நீங்கள் போன பிறகு, எதிரே உங்கள் வீட்டில் பீகார்ப் பையன்கள் நாலு பேர் குடிவந்தார்கள். கட்டட வேலைக்கு வந்தவர்கள். அதில் ஒருவன் சோனு. மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். நான் ஒன்றும் அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. கண்டதை மென்று என் துளசிச் செடிப் பக்கமே துப்புவான்கள். நானும் கத்தியிருக்கிறேன். "மாதாஜி, ஸாரி" என்று ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிடுவான் சோனு. மறுநாள் இன்னொருவன் துப்புவான்.

குமாருக்கு அவர்கள் மேல் கோபம் துப்பலால் வந்ததில்லை. அவன் டைல்ஸ் பதிக்கிற வேலை உங்களுக்குத் தெரியும். மேஸ்திரி இப்போது அவனைக் கூப்பிடுவதே இல்லை. அவனுக்குக் கொடுக்கிற கூலியில் பாதிக்கு இந்தப் பையன்கள் வருகிறார்கள், சைட்டிலேயே படுத்துக்கொள்ளவும் தயாராக இருக்கிறார்கள். "நம்ம ஊருக்கு வந்து நம்ம சோத்துல மண்ணைப் போடறானுங்கம்மா. 'நீரு'ன்னா இன்னான்னு தெரியாது அவனுங்களுக்கு. கன்னடமும் வராது, தமிழும் வராது. எதுக்கு வரானுங்க இங்க?" என்பான். டீக்கடையில், சங்கத்தில், டீவியில் எங்கே பார்த்தாலும் இதே பேச்சுதான். வெளியூர்க்காரனுக்கு வேலை கொடுக்காதே, வீடு கொடுக்காதே. குமாரின் பசி பொய்யில்லை அக்கா. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அவன் பேச ஆரம்பித்தாலே நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். இந்தப் பேச்சை நான் முன்னே கேட்டிருக்கிறேன். அப்போது பேசினது வேறு வாய். அந்தப் பேச்சில் வந்த வெளியூர்க்காரி நான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயடியில் ஆரம்பித்தது. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தானே வருகிறது. சோனு வரிசை தெரியாமல் தன் டிரம்மை முன்னால் வைத்துவிட்டான். குமார் அதை உதைத்தான். சோனு குமாரின் சட்டையைப் பிடித்தான். அக்கம்பக்கத்தில் விலக்கிவிட்டார்கள். முடிந்தது என்று நான் உலை வைக்கப் போனேன்.

மத்தியானம் குமார் ஏழெட்டுப் பேரோடு திரும்பி வந்தான். உங்கள் வீட்டுக்குள்ளிருந்து ஸ்டவ், துணிமணி, பாய், ஒரு சின்ன அனுமார் படம் எல்லாம் முற்றத்தில் வந்து விழுந்தன. மற்ற மூன்று பேரும் சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டார்கள். சோனு மட்டும் அந்த அனுமார் படத்தை எடுக்கக் குனிந்தான். குமார் கையில் குழாய்த் துண்டு. "டேய், வேணாண்டா!" என்று நான் கத்தினது காம்பவுண்டு முழுக்கக் கேட்டது. அவனுக்குக் கேட்கவில்லை. முதல் அடியிலேயே பையன் விழுந்துவிட்டான். விழுந்த பிறகும் ஒரு அடி அடித்தான், அக்கா. அந்த இரண்டாவது அடியைத்தான் என்னால் எந்தச் சாமியிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்க முடியவில்லை.

என் முந்தானையைக் கிழித்துக் கட்டி, ஆட்டோவில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான். என் மடியில் அவன் தலை இருந்தது. வழியெல்லாம் அந்த ரத்தம் என் காலில் சூடாக இறங்கிக்கொண்டே இருந்தது.

அப்போது நீங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தீர்கள். வேறு யார் வருவார்கள்?

தொண்ணூற்றொன்றில் பெங்களூரில் காவிரித் தண்ணீர்க் கலவரம், தமிழர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். குமார் கைக்குழந்தை. தெருமுனையில் தமிழ்ப் பேப்பர் தொங்கவிட்டிருந்த கடை எரிகிற புகை நம்ம முற்றத்துக்குள் வந்தது. நீங்கள் கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தீர்கள். சுவரில் இருந்த தமிழ்க் காலண்டரைக் கிழித்து அடுப்பில் போட்டீர்கள். பிறகு உங்கள் கழுத்தில் கை வைத்தீர்கள்.

எங்கள் பக்கத்தில் மஞ்சள் கயிறு, உங்கள் பக்கத்தில் கறுப்பு மணி கோத்த கரிமணி. பெண்பிள்ளை கழுத்தைப் பார்த்தாலே எந்த வீட்டுக்காரி என்று தெரிந்துவிடும். வருகிறவர்கள் கழுத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று உங்கள் காதுக்கு வந்திருந்தது. புருஷன் உயிரோடு இருக்கிறவள் கழற்றக் கூடாததைக் கழற்றி, என் கழுத்தில் போட்டீர்கள். என் கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளினீர்கள். உங்கள் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாதென்று ஒரு மஞ்சள் கிழங்கை நூலில் முடிந்து கட்டி, முந்தானையால் மூடிக்கொண்டீர்கள். "அக்கா, பாவம் வந்து சேருமே" என்று நான் அழுதேன். "பாவ புண்ணியமெல்லா நாளெக்கு பாத்துக்கலாம் காமாச்சி. இவத்து ஒரு நாளு வாய் மட்டும் தெறக்காத, உன் கன்னடத்தைக் கேட்டா எமனே கண்டுபிடிச்சிடுவான்" என்றீர்கள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, பாருங்கள்.

குமாரை நீங்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டீர்கள். கும்பல் வந்தது. "தமிளரு யாரிதாரே இல்லி?" என்று, இங்கே தமிழர் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். "யாரூ இல்லப்பா. இவளு நம்ம தங்கி, மண்ட்யதிந்த பந்திதாளே" என்றீர்கள். மண்டியாவிலிருந்து வந்த உங்கள் தங்கை நான். அவர்கள் என் கழுத்தைப் பார்த்தார்கள். கறுப்பு மணியைப் பார்த்தார்கள். திரும்பினார்கள்.

அவர்களுக்குப் பின்னால்தான் உங்கள் தம்பி மஞ்சு வந்தார். என் கையால் எத்தனையோ தடவை காபி குடித்தவர். என்னைப் பார்த்தார். பிறகு அந்த மணியைப் பார்த்தார். அது உங்கள் அம்மா கோத்துக் கொடுத்த சரம் என்று அவருக்குத் தெரியாதா? "அக்கா, கொங்கர ஹெண்ணிகே நின் கரிமணி கொட்ட்யா?" என்று அலறினார். தமிழச்சிக்கா உன் தாலியைக் கொடுத்தாய் என்று. அவர் முகம் மனுஷ முகமாகவே இல்லை. இரும்புக் கம்பியை ஓங்கினார். யாரை அடிக்க ஓங்கினார்? என்னையா, உங்களையா? அது அவருக்கே தெரிந்திருக்காது. ஆனால் அது இறங்கின இடத்தில் குமாரின் தலை இருந்தது. "மகு இதே கணோ!" என்று கத்திக்கொண்டு உங்கள் வலது கையைக் குறுக்கே நீட்டினீர்கள். குழந்தை இருக்கிறதடா என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. பச்சை மூங்கிலை முறிக்கிற மாதிரி.

சொந்த அக்காவை அடித்ததைப் பார்த்துக் கும்பலே ஒரு நிமிஷம் நின்றது. பிறகு இவருடைய தையல் மெஷினை முற்றத்துக்கு இழுத்துக் கொளுத்திவிட்டுப் போனார்கள்.

மறுநாள் போலீஸ்காரர் வந்து கேட்டபோது நீங்கள் சொன்னது, "மெட்டிலு மேலிந்த பித்பிட்டே சார்." படியிலிருந்து விழுந்தேன் என்றீர்கள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் அக்கா? 'நீயும் சொல்லாதே' என்றா? 'நீயாவது சொல்' என்றா? இத்தனை வருஷம் எதிரெதிர் வீட்டில் இருந்தும் நாம் அதைப் பேசவே இல்லை. உங்களுக்குக் கோடு இழுக்கக் கை வராததால் தினமும் விடியலில் உங்கள் வாசலிலும் நானே ரங்கோலி போட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இப்போது குமாரின் கதைக்கு வருகிறேன். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டர் கேட்டார். "பையன் எப்படிம்மா அடிபட்டான்? காம்பவுண்டுல எல்லாரும் படியில விழுந்துட்டான்னு சொல்றாங்க." அதே படி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நாளைக்கு வந்து சொல்றேன் சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் குமார் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். இன்னும் சோற்றைத் தொடவில்லை.

"போலீஸ்ல இன்னா சொல்லப்போறம்மா?"

நான் அவன் எதிரே உட்கார்ந்தேன். உங்கள் கை எப்படி மடங்கியது என்று அவனுக்கு முதல்முறையாகச் சொன்னேன். யார் அடித்தார், அந்த அடி எங்கே விழ இருந்தது, எல்லாவற்றையும். இத்தனை வருஷமாக நாகரத்னம்மா படியில் விழுந்ததாகத்தான் அவன் நினைத்திருந்தான். கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்தான்.

"அப்ப அவங்க நம்மள அடிச்சாங்க இல்ல? யாராவது கேட்டாங்களா? யாராவது ஜெயிலுக்குப் போனாங்களா? இப்ப நான் மட்டும் போணுமா?"

"அந்தப் பையன் செத்துப்போனா இன்னாடா பண்ணுவ?"

"அவன் ஊருக்கு நானா கூப்பிட்டேன்? ஏன் வந்தான்?"

"உன் தாத்தா ஏன் வந்தாரு? தருமபுரியில சோறு இல்லாமதாண்டா வந்தாரு."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான். இவர் உள்ளேயிருந்து, "பெத்த புள்ளைய நீயே காட்டிக் கொடுப்பியாடி? அந்த அம்மா தன் தம்பியக் காட்டிக் கொடுத்தாங்களா? அவங்களப் பாத்துக் கத்துக்கோ" என்றார். அக்கா, என் வாயை அடைக்க உங்கள் பெயரையே எடுத்தார். நீங்கள் செய்தது சரியா தப்பா என்று யோசிப்பதே உங்களுக்குச் செய்கிற துரோகம் என்று நான் இருந்தவள்.

அப்போதுதான் நீங்கள் இறந்த அன்று காலையில் மஞ்சு சொன்னது நினைவுக்கு வந்தது. உங்களை முற்றத்தில் கிடத்தியிருந்தோம். அவர் உங்கள் மடங்கிய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேராக்கிக் கட்டலாம் என்று யாரோ வந்தபோது, "வேணாம், முட்டபேடி, தொடாதீங்க" என்று அழுதார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"காமாட்சம்மா, அன்னிக்கு அக்கா என் பேர் சொல்லியிருந்தா ஜெயிலுக்குப் போயி வந்து முடிச்சிருப்பேன். சொல்லல. வருஷா வருஷம் கௌரி ஹப்பப் பண்டிகைக்கு அக்காவுக்குப் புடவையும் வளையலும் கொண்டாரணும். அந்தக் கைக்குதான் வளையல் போடணும். அவ சிரிச்சுகிட்டே கை நீட்டுவா. எனக்கு உள்ள வெந்து போகும். மன்னிச்சிட்டாளா, இல்ல தண்டிச்சாளா? கேக்கறதுக்குத் தைரியமே வரலம்மா."

அன்றைக்கு அதை ஒரு தம்பியின் துக்கம் என்றுதான் கேட்டேன். இப்போது வேறு மாதிரி கேட்கிறது. நீங்கள் அன்பால்தான் வாயை மூடினீர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அன்பு உங்கள் தம்பியை எங்கே கொண்டுபோய் விட்டது? அவர் திருந்தினார் அக்கா, ஆனால் விடுதலையாகவில்லை. குமாருக்குத் திருந்துவதற்கே இடம் இல்லை. இன்று படியில் விழுந்தான் என்று நான் சொன்னால், நாளை அவன் நண்பர்கள் அவனைத் தோளில் தூக்குவார்கள். அடுத்த கம்பி இன்னும் சுலபமாக ஓங்கும்.

அந்தப் பையனுக்கும் ஊரில் ஒரு அம்மா இருக்கிறாள். ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் பேசியதில், ரயில் ஏறிவிட்டாளாம். இந்த ஊர்ப் பாஷை ஒன்றும் தெரியாதவள். அவளிடம் இந்த முற்றமே சேர்ந்து படி, படி என்று சொல்லப்போகிறதா?

இதைப் படிக்கிற நம்ம ஜனங்கள் என் மேல் காறித் துப்பலாம். தொண்ணூற்றொன்றில் நம்மை அடித்தார்கள் என்று இன்னும் கண் கலங்குகிறவர்கள்தானே நாம் எல்லாரும்? நானும் கலங்குகிறவள்தான். அந்த அழுகையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருத்தி பிள்ளையை அடிக்க எந்த அம்மன் நமக்கு அனுமதி கொடுத்தாள்?

அக்கா, இது அச்சாகி வரும்போது நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லி முடித்திருப்பேன். விடிந்ததும் குளித்து, விளக்கேற்றிவிட்டுப் போகிறேன். அடித்தது என் மகன் குமார் என்று சொல்வேன். இரண்டு அடி என்று சொல்வேன். குழாயடியில் அவன் சட்டையை சோனு பிடித்ததையும் சொல்வேன், மேஸ்திரி அவனை விட்டுவிட்டுப் பாதிக் கூலிக்கு ஆள் வைத்ததையும் சொல்வேன், எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே வாசலில் உட்காருவேன். அவனைக் கூட்டிவரும்போது முதலில் அவன் பார்க்கிற முகம் என் முகமாக இருக்கும். திட்டினால் திட்டட்டும். எத்தனை வருஷமானாலும் ஜெயிலில் பார்க்க விடுகிற ஒவ்வொரு மனு நாளிலும் கம்பிக்கு இந்தப் பக்கம் நான் நிற்பேன். நீங்கள் உங்கள் தம்பியைக் கடைசிவரை கைவிடவில்லை. என் பிள்ளையை நானும் கைவிட மாட்டேன். பெயரைச் சொன்ன பிறகும்.

மண்டியாவிலிருந்து வந்த உங்கள் தங்கை,
குமாரின் அம்மா,
காமாட்சி
நீலசந்திரா, பெங்களூர்