வால் அல்ல, கை

காலையில் மேசை இழுப்பறையைத் திறந்தபோது நீ முறுக்கிய செம்புக் கம்பி கையில் தட்டுப்பட்டது. செந்துறையில் உன் அப்பா மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடையிலிருந்து கொண்டுவந்த கம்பி. வார்னிஷ் வாசம் இன்னும் போகவில்லை. நம் புரதத்தின் உருவத்தை அதில் வளைத்திருந்தாய்: பருத்த தலை, கீழே தொங்கும் ஒரு சின்னச் சுருள்.

அந்தச் சுருளால்தான் இன்று எனக்கு இவ்வளவு கோபம்.

பாக்டீரியாவுக்குள் புரதம் தயாராகும் இடமான ரைபோசோமில் போய் ஒட்டிக்கொள்ளும் புரதம் அது. தலைப்பகுதி ஜி.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைப் பிளக்கும். பெரம்பலூர் ஆய்வுக்கூடத்தில் எல்லோருடைய கண்ணும் தலை மேல்தான். கடைசியில் இருந்த கே.எச். பகுதியை நம் வழிகாட்டி சார் வால் என்றே சொல்வார். உருவத்தைத் துல்லியமாகப் பார்க்கத் தேவையான புரதப் படிகம் வராமல் ஆறு மாதம் இழுத்தடித்ததும், "ஆடிட்டே இருக்கற வாலை வெட்டி விடுங்கம்மா" என்றார். ஆடும் நுனியை வெட்டிவிட்டுப் படிகம் எடுப்பது நம் தொழிலில் வழக்கம்தானே. நீ ஒருத்திதான், "அது வால் இல்லீங்க சார், கை. அதாலதான் ரைபோசோமைப் புடிச்சிக்குது" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெட்டியதும் நான்தான்.

படிகம் வந்தது. ஆனால் வெட்டிய புரதத்தை ரைபோசோமோடு கலந்து எந்திரத்தில் வேகமாகச் சுழலவிட்டால், ரைபோசோம் அடியில் இறங்கியது, புரதம் மேலே திரவத்திலேயே நின்றுவிட்டது. முழுப் புரதமோ கூடவே இறங்கியது. மூன்று முறை செய்து காட்டினாய். மூன்றாம் முறை குழாயை என் மூஞ்சிக்கு நேரே நீட்டி, "பாத்தியாடி? கையை வெட்டிட்டு, புடிக்கலைங்கறீங்க" என்று சீறினாய்.

இப்போது அந்தக் கையைப் பற்றியே ஆய்வுக் கட்டுரை. சார் பெயர் இருக்கிறது, என் பெயர் இருக்கிறது, உன் பெயர் இல்லை. மஞ்சள் காமாலையில் நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. நேற்று சாரிடம் போனில் கேட்டேன். "செத்தவங்க பேரைப் போட்டு அவங்களுக்கு என்னம்மா பிரயோஜனம்?" என்றார். திருமழபாடிக் கோயில் சுவர்க் கல்வெட்டில் விளக்கு நெய்க்கு ஆடு கொடுத்தவன் பெயரை நாம் இருவரும் தடவித் தடவிப் படித்தோமே, அவன் என்ன உயிரோடா இருக்கிறான்? உன் அப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எம் பொண்ணு பேரு எப்பம்மா அச்சுல வரும்?" என்று கேட்கிறார். அவருக்கு நான் என்ன சொல்ல?

எழுதியவர்கள் அனைவரும் சம்மதித்தால்தான் கட்டுரை அச்சுக்குப் போகும். உன் பெயர் சேராமல் சம்மதம் இல்லை என்று பதில் மெயில் அனுப்பிவிட்டேன். என் பெயரையே எடுத்தாலும் எடுக்கட்டும். கம்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று வெட்டச் சொன்னார், வெட்டினேன். இந்த முறை வெட்ட மாட்டேன்.