142857

ஆவணி 9, செவ்வாய்

மாலையில் கோட்டையூர் போய் முருகேசன் சாரைப் பார்த்தேன். என்னோடு ஒரே பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவர். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சில்லை. என்ன பேசுவதென்று தெரியாமல், அவருக்குப் பிடித்த எண்ணை எடுத்தேன்.

“சார், 142857-ஐ ரெண்டால பெருக்கினா 285714. அதே இலக்கம்தான், இடம்தான் மாறுது. மூணால பெருக்கினா?”

உதடு வெகுநேரம் அசைந்தது. “நாலு... ரெண்டு... எட்டு... அஞ்சு... ஏழு... ஒண்ணு.”

சரியான விடை. அவர் மனைவி பாக்கியம் அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். கணக்கென்றாலே ஒதுங்குகிறவர்.

“ஏங்க, ஏழால பெருக்கினா என்ன வரும்? எனக்குச் சொல்லுவீகளா?”

சார் அவரையே பார்த்தார். “எல்லாம்... ஒம்போது.”

“சரியா தம்பி?”

தலையாட்டினேன். 999999. அடுத்து அக்காவின் பெயரைச் சொல்ல முயன்றார். ‘பா’ என்பதோடு நின்றுவிட்டது.

“இருக்கட்டும். நாளைக்கு எட்டால கேக்குறேன்” என்று அக்கா அவர் வாயைத் துடைத்துவிட்டார்.

எட்டால் பெருக்கினால் 1142856; அந்த ஒழுங்கெல்லாம் குலைந்துவிடும். அதைச் சொல்லாமலே வந்துவிட்டேன்.