மேஸ்திரிக்கு ஒரு நாள் லீவு

ஜூன் 3
எழுதப் படிக்கக் கற்றதற்கு முதியோர் பள்ளி டீச்சர் பரிசாகக் கொடுத்த காலண்டரில் தேதிக்குத் தேதி ஒரு கூத்து அச்சடித்திருக்கிறது. நேற்று காலுறை நாள். இன்று தூங்குமூஞ்சி நாள். யார் உட்கார்ந்து யோசிக்கிறார்கள் இதையெல்லாம்? இருந்தாலும் எழுத்துக்கூட்டி நானே படித்தேன். அறுபத்தெட்டு வயதில்! ஒன்பதாம் தேதி, உழைக்கும் நாய்கள் நாளாம்.

ஜூன் 5
எழுதி முடிக்க இரண்டு நாள் ஆனது. “ஐயா, நம் மாவுக் கிடங்கில் பதினோரு வருடமாக எலி பிடிக்கும் மேஸ்திரி என்னும் நாய்க்கு, ஒன்பதாம் தேதி அதன் நாள் என்பதால், ஒரு நாள் விடுப்பு தர வேண்டுகிறேன். இப்படிக்கு, வாசல் காவலாளி.”
என் முதல் விண்ணப்பம். எனக்கு லீவு கேட்கக்கூட இதுவரை அடுத்தவரிடம்தான் போய் நின்றேன்.

ஜூன் 6
மேனேஜர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார். பிறகு, “நல்லவேளை ஞாபகப்படுத்துனீங்க பெரியவரே. அதுக்கும் வயசாயிடுச்சு. எலிக்கு மருந்துப் பெட்டி வரப்போகுது. ஒன்பதாம் தேதி நாய்க் காப்பகத்து வண்டியை வரச் சொல்லிடறேன், ஏத்தி விட்ருங்க” என்றார்.
ஒரு நாள் லீவு கேட்டால் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். எனக்கு எதற்கு இந்த எழுத்து?

ஜூன் 7
நாயை வீட்டுக்குக் கூட்டி வரட்டுமா என்று என் வீட்டுக்காரியிடம் கேட்டேன்.
“நாயா? உங்க ஒருத்தருக்குப் பின்னாடி கூட்டிப் பெருக்குறது போதாதா?”
ஆறு வீட்டுக்கு இவள் கையால்தான் ரொட்டி போகிறது. ஒரு நாய்முடி கிடந்தால் யார் வாங்குவார்கள்? நியாயம்தான். நியாயம் பேசுகிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது! அதுதான் எரிச்சல்.

ஜூன் 8
காலண்டரில் இன்று வீட்டில் ரொட்டி சுடுவோர் நாள். தாஜா செய்யலாம் என்று, “பாரு, இன்னிக்கு உன் நாள்!” என்றேன். தப்பு.
“நாயோட நாள்ல நாய்க்கு லீவு. என் நாள்ல மட்டும் எனக்கு அடுப்பா?”
முப்பத்தெட்டு வருடமாக இவள் அடுப்பு ஒரு நாள் அணைந்ததில்லை.
“நாய்க்கு எழுதுனீங்கல்ல? எனக்கும் ஒண்ணு எழுதுங்க.”
“யாருக்குன்னு எழுதறது?”
“உங்களுக்குத்தான். தெனமும் ‘ரொட்டி ஆச்சா, ரொட்டி ஆச்சா’ன்னு நிக்கிற மேனேஜர் நீங்கதானே!”
எழுதினேன். அடியில் ‘அனுமதி’ என்று நானே கையெழுத்தும் போட்டேன். உடனே நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிவிட்டாள். ஆறு வீட்டு ரொட்டிக்கு யார் பொறுப்பு? மாட்டிக்கொண்டேன்.

அதே நாள், சாயங்காலம்
மூன்று தடவை சுட்டேன். முதலாவது கல். இரண்டாவது கரி. எவ்வளவு நேரம் பிசைய வேண்டும் என்று கேட்டால், “கை சொல்லும்” என்கிறாள். என் கை வாயே திறக்கவில்லை. மூன்றாவதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோடிவீட்டுத் தையல்காரர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.
இவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, “வாரம் ஒரு நாள் எனக்கு இந்த லீவு வேணும். சரின்னா நாய் வரட்டும். ஆனா வாசலோட.”
சரி என்றேன். வேறு வழி?

ஜூன் 9
காப்பகத்து வண்டி காலியாகத் திரும்பியது. மேஸ்திரி என் பின்னால் நடந்து வந்தான். வழியில் ஓர் எலி குறுக்கே ஓடியது. பார்த்தும் பார்க்காத மாதிரி வந்தான். லீவாம்!

ஜூன் 15
இவளுக்கு லீவு. காலையிலிருந்து நான் அடுப்படியில் வேகிறேன். மாவு இன்றும் உப்பவில்லை. முன்னறை நாற்காலியில் இவள். காலடியில், வாசலோடு நிற்க வேண்டியவன்.
“டேய் மேஸ்திரி, அந்த ஆளு உள்ள என்னதான் பண்றாருன்னு பாத்துட்டு வா.”
வந்தான். மாவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. அவளிடமே திரும்பிப் போய்விட்டான்.