காயாத வில்லைகளின் முடிவைத் திரும்பப் பெறக் கோரும் மனு

அனுப்புநர்:
முதுநிலை ஆய்வக உதவியாளர்,
நுண்ணுயிரியல் துறை
(மூன்று வாரங்களாக நூலகத்தில்).

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாக அலுவலகம்.

பொருள்: நொச்சி இலைச் சாறு குறித்த ஆய்வறிக்கையில் என் தவறான சோதனை முடிவு சேர்க்கப்பட்டது – அதை நீக்கி, அச்சாற்றில் செய்த களிம்பை நோயாளிகளிடம் சோதிப்பதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் நான் யார்மீதும் புகார் எழுதியதில்லை. இந்தப் புகாரிலும் முதல் தவறு என்னுடையதே.

2. நொச்சி இலைச் சாறு கிருமிகளைக் கொல்லுமா, வீக்கத்தைக் குறைக்குமா என்பதே எங்கள் ஆய்வு. எத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாற்றில் சிறு காகித வில்லைகளை நனைத்து, நன்றாகக் காயவைத்து, கிருமி பரப்பிய தட்டில் வைக்க வேண்டும். வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டம் விழுந்தால் சாறு வேலை செய்கிறது என்று பொருள். அன்று மின்தடையால் உலர்த்தும் பெட்டி நின்றுபோனது. நான் அவசரப்பட்டு வில்லைகளை ஈரத்தோடு வைத்துவிட்டேன். பதினெட்டு மில்லிமீட்டர் வட்டம் விழுந்தது. துறைத் தலைவர் என்னை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார்.

3. எனக்கு மனம் ஒப்பவில்லை. சாறே இல்லாமல், எத்தனாலில் மட்டும் நனைத்த ஈர வில்லையை வைத்துப் பார்த்தேன். அதே பதினெட்டு. காய்ந்த சாற்று வில்லைகளை மூன்று முறை வைத்தேன். ஒருமுறைகூட வட்டம் விழவில்லை. கொன்றது எத்தனால், பெயர் வாங்கியது இலை. இதைத் துறைத் தலைவரிடம் சொன்னபோது, "ஏம்மா, வட்டம் வந்துச்சா இல்லையா? வீடு தேடி வந்த சீதேவியை யாராவது காலால எட்டி உதைப்பாங்களா?" என்றார். மறுநாள் அந்தத் தட்டுகள் கழுவப்பட்டிருந்தன. அடுத்த வாரம் எனக்கு நூலகத்திற்கு மாறுதல் வந்தது.

4. வீக்கம் குறைவதாகக் கண்ட முடிவு சரியானது. அதற்கு இன்றும் கையொப்பமிடுவேன். இலையோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை.

5. என் தங்கை நம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் செவிலியர். நேற்று அவள் தொலைபேசியில், "அக்கா, வழக்கமான மருந்தை நிறுத்திட்டு திங்கக்கிழமையிலேருந்து இந்தக் களிம்பைத் தடவச் சொல்லிட்டாங்க. அறிக்கையில உன் பேரு இருக்கு. அதான் கேக்குறேன், தடவட்டுமா?" என்று கேட்டாள். அப்போதுதான் என் பெயர் அதில் இருப்பதே எனக்குத் தெரிந்தது. தடவாதே என்றேன். "வாயால சொன்னா டாக்டர் கேப்பாரா? எழுத்துல குடு" என்றாள். எழுதுகிறேன். அங்கே பன்னிரண்டு நோயாளிகள் இருக்கிறார்கள். தோல் இல்லாத புண்ணில் கிருமி ஏறினால் அதைத் திரும்ப இறக்குவது எளிதல்ல என்பது தங்களுக்குத் தெரியும்.

6. ஆகவே, திங்கட்கிழமைக்கு முன் களிம்புச் சோதனையை நிறுத்த ஆணையிடுங்கள். கிருமி குறித்த முடிவை அறிக்கையிலிருந்து நீக்கி, காய்ந்த வில்லைகளுடன் வேறொரு துறையினரைக் கொண்டு சோதனையை மீண்டும் நடத்துங்கள். ஈர வில்லை வைத்த குற்றத்திற்கு என்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுங்கள். மறுப்புக் கூற மாட்டேன். மாறுதலை ரத்து செய்யுமாறு நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆணை வராவிட்டால், தீக்காயப் பிரிவின் வாசலில் நின்று நோயாளிகளின் உறவினர்களுக்கு இம்மனுவை நானே வாசித்துக் காட்டுவேன். அனுமதி கோரவில்லை, தகவலுக்காகத் தெரிவிக்கிறேன்.

இணைப்பு: ஆய்வுக் குறிப்பேட்டின் நகல், நான்கு பக்கங்கள். மூலம் என்னிடம் உள்ளது.

இடம்: நூலகம், முதல் தளம்
நாள்: புதன்கிழமை, முற்பகல்

இப்படிக்கு,
(கையொப்பம்)
முதுநிலை ஆய்வக உதவியாளர்