வி.ஆர்.ஆர். வந்துவிட்டது என்பதற்கான அத்தாட்சி

பெப்ரவரி 1, செவ்வாய்

இன்று பதினேழு பேருக்கு "வரும்" என்று சொன்னேன். நேற்று பன்னிரண்டு.

இராஜேந்திரன் அண்ணையின் கடைக்கு வந்து இன்றோடு மூன்று கிழமை. பரிஸின் லா சப்பலில், மெற்றோ பாலத்துக்குப் பக்கத்தில், தொலைக்காட்சியும் பயணப் பெட்டியும் விற்கிற கடை. போன தீபாவளிக்கு அண்ணை ஒரே வகைத் தொலைக்காட்சியை இரண்டு அளவுகளில் முப்பத்தொரு பேருக்கு விற்றிருக்கிறார். பெட்டியில் பிரெஞ்சில் ஒரு ஸ்ரிக்கர்: "வி.ஆர்.ஆர். — விரைவில்". கொம்பனி தன் கணினியிலிருந்து அனுப்புமாம், வீட்டிலிருக்கிற தொலைக்காட்சி தானே ஏற்றுக்கொள்ளுமாம். இன்னும் அனுப்பவில்லை.

முதல் நாள் அண்ணை சொன்னது: "சிவாஜினி, சுகமான வேலை. வி.ஆர்.ஆர். எங்கை எண்டு கேட்டால் 'வரும்' எண்டு சொல்லோணும். எப்ப எண்டு கேட்டால் 'கெதியில' எண்டு சொல்லோணும்."

"வி.ஆர்.ஆர். எண்டால் என்னண்ணை?"

"அது வந்தாப் பிறகு பாப்பம்."

நான் சிரிக்கவில்லை. எனக்கு இந்த வேலை வேண்டும். மே முடிய என் வதிவிடக் கார்ட் முடிகிறது. புதுப்பிக்க முதலாளியின் கடிதம் கேட்கிறார்கள். மூன்று மாதம் ஒழுங்காக நின்றால் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பெப்ரவரி 5, சனி

தவநாயகி அக்கா வந்தார். ஒவ்வொரு சனியும் எபினேயிலிருந்து ரயிலேறி, கார் து நோர் நிலையத்தில் இறங்கி, மரக்கறி வாங்க முதல் நேரே எங்கள் கடைக்குத்தான் வருவார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பிள்ளை, எனக்குரிய வி.ஆர்.ஆர். எங்கை?"

"வரும் அக்கா."

"போன கிழமையும் வரும் எண்டனீர்."

அவர் பார்ப்பது நாடகம் மட்டும். இந்த வி.ஆர்.ஆர். ஏதோ கேம் விளையாடுகிறவர்களுக்கானது என்று ஸ்ரிக்கரின் சின்ன எழுத்தில் வாசித்திருந்தேன். வீட்டில் யாராவது கேம் விளையாடுவார்களா என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. "எங்கட வீட்டில சூதாடுற ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

பிறகு எழும்பும்போது சொன்னார்: "தேவையோ இல்லையோ பிள்ளை, தாறன் எண்டதைத் தரவேணும்."

அண்ணை சொல்லித்தந்த இரண்டு சொற்களும் அதற்குப் பொருந்தவில்லை.

பெப்ரவரி 8, செவ்வாய்

கடைக்கு வெளியே ஒருவர் பத்து நிமிடம் போனைப் பார்ப்பது போல நின்றார். தவநாயகி அக்கா வீட்டுக்காரர், பாலேந்திரன் அண்ணை. ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை. இடைவேளையில் ஓடி வந்திருக்கிறார், சட்டையில் வெங்காய மணம்.

"தங்கச்சி, ஒரு உதவி. அவ ஏன் இவ்வளவு பெரிய ரிவி எண்டு கேட்டவ. வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன், வி.ஆர்.ஆருக்காண்டி எண்டு. அது வராமல் என்னோட கதைக்க மாட்டாவாம். மூண்டு மாசம். சாப்பாடு வைப்பா. ஆனால் கதை இல்லை."

"நான் என்னண்ணை செய்யிறது?"

"வந்திட்டுது எண்டு ஒரு கடுதாசி தாங்கோ. அவ கடுதாசி எண்டால் நம்புவா."

பெப்ரவரி 9, புதன்

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கடைத் தாளில், பிரெஞ்சில். "கீழே கையொப்பமிடும் நான், மேற்படி திரு. பாலேந்திரனின் 65 அங்குலத் தொலைக்காட்சியில் வி.ஆர்.ஆர். நடைமுறையில் உள்ளதென இத்தால் அத்தாட்சிப்படுத்துகிறேன்." திகதி, கையெழுத்து. இந்த நாட்டில் எனக்கு வந்த கடிதங்களைப் பார்த்துப் பார்த்து இந்த நடை கைக்கு வந்துவிட்டது. பாலேந்திரன் அண்ணை இரண்டு கையாலும் வாங்கினார்.

பொய்தானே? ஓம், பொய்தான். ஆனால் ஒரு மனிசன் மூன்று மாதம் சுவரோடு கதைத்திருக்கிறான். யாருக்கு நட்டம்?

பெப்ரவரி 12, சனி

தவநாயகி அக்கா வந்தார். முறைப்பாடு இல்லை. கூட ஐந்து பெண்கள்.

"இவைக்கும் ஒவ்வொண்டு எழுதிக் குடும் பிள்ளை."

பெப்ரவரி 15, செவ்வாய்

இன்று ஒன்பது. கையெழுத்து வைத்துக் கை வலிக்கிறது. இராஜேந்திரன் அண்ணைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கடையில் சத்தம் இல்லை, சண்டை இல்லை. எனக்கென்று ஒரு முத்திரை செய்வித்துக் கொண்டுவந்தார், நீல மை. வட்டத்துக்குள் என் பெயர்.

அழகாகத்தான் இருக்கிறது.

பெப்ரவரி 22, செவ்வாய்

சங்கம் தொடங்கிவிட்டார்கள். "பரிஸ் வி.ஆர்.ஆர். பாவனையாளர் ஒன்றியம்." தலைவர் பொபினியிலிருந்து வரும் லாசர் மாஸ்டர், ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இஞ்சை மெற்றோவில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். அத்தாட்சி இல்லாதவர்களுக்கு அங்கத்துவம் இல்லையாம். அதனால் அத்தாட்சிக்கு இன்னும் சனம். எங்களிடம் தொலைக்காட்சி வாங்காத இருவரும் வந்தார்கள். அவர்களுக்கு மறுத்தேன். கோபித்துக்கொண்டு போனார்கள்.

பெப்ரவரி 26, சனி

சங்கம் இரண்டாகிவிட்டது. 55 அங்குலக்காரருக்கும் 65 அங்குலக்காரருக்கும் ஒரே வாக்கா என்பதில் பிரச்சினை. லாசர் மாஸ்டரிடம் 65.

இரண்டு பகுதியும் தனித்தனியாக வந்து என்னைப் பிரதம விருந்தினராக அழைத்தன. ஒரே நாள், ஒரே நேரம். காய்ச்சல் என்று சொன்னேன்.

மார்ச் 3, வியாழன்

ஆன்ஜெலிக் என்று ஒரு பிள்ளை வந்தாள். இங்கேயே பிறந்தவள், ஆஸ்பத்திரியில் தாதி. இருபத்தொன்பது வயதிருக்கும். முப்பத்தொரு பேரில் கேம் மெசின் உள்ள ஒரே ஆள். அவளுடைய தாய் அவளுக்கென்று என்னிடம் வாங்கிப்போன அத்தாட்சியை மேசையில் வைத்தாள்.

"இதில வி.ஆர்.ஆர். இருக்கெண்டு போட்டிருக்கு. வீட்டில இல்லை."

வி.ஆர்.ஆர். என்றால் என்னவென்றே தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. கதிரையில் இருந்து சொல்லித்தந்தாள்.

"கேம் மெசின் ஒரு செக்கனுக்கு ஒருக்கா அறுபது படம் தரும், ஒருக்கா நாப்பத்தைஞ்சு தரும். ரிவி தன்ரை பாட்டுக்கு ஒரே வேகத்தில ஓடும். ரெண்டும் ஒத்து வராட்டில் படம் நடுவால கிழியும். வி.ஆர்.ஆர். இருந்தால், அடுத்த படம் வருமட்டும் ரிவி பாத்துக்கொண்டு நிக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நாடகம் பாக்கிற ஆக்களுக்கு?"

"ஒண்டுமில்லை அக்கா."

போக வெளிக்கிட்டவள் திரும்பி வந்து முத்திரையைப் பார்த்தாள். "இதில கடைப் பேர் இல்லையே. உங்கட பேர் மட்டும்தான் இருக்கு. ஆரும் இதைக் கொண்டு வழக்குக்குப் போனால் நீங்கள்தான் நிப்பீங்கள்."

மார்ச் 4, வெள்ளி

நித்திரை இல்லை. முப்பது கடுதாசி. முப்பதிலையும் என்ரை பேர். கடைத் தாளும் அண்டைக்கு எழுதின முதல் ஒண்டுக்குத்தான், மற்றதெல்லாம் வெறும் வெள்ளைத் தாள் — இராஜேந்திரன் அண்ணைதான் எடுத்துத் தந்தவர். நான் பாக்கேல்லை. ஏன் பாக்கேல்லை? கார்ட் விசயத்தில இது போய் நிண்டால்? பொய்ப் பத்திரம் எழுதினவள் எண்டு ஒருக்கா விழுந்தால் துடைக்கேலுமோ?

அண்ணையிடம் கேட்டேன். பயணப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் ஒண்டையும் எழுதச் சொல்லேல்லையே. 'வரும்' எண்டுதானே சொல்லச் சொன்னனான். 'வந்திட்டுது' எண்டது நீங்கள்."

அது உண்மை. அதுதான் கொதிக்குது.

மார்ச் 7, திங்கள்

லாசர் மாஸ்டருக்குப் போன் எடுத்தேன். எல்லாரையும் ஒன்றாகக் கூட்டுங்கள், ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். 55 காரரும் வந்தால் தான் வரமாட்டேன் என்றார். பிறகு தனிக் கதவால் வருவதென்றால் சம்மதம் என்றார்.

மார்ச் 13, ஞாயிறு

பொபினியில் மண்டபம். முப்பது பேர். 55 இடப்பக்கம், 65 வலப்பக்கம். விளக்கேற்ற என்னைக் கூப்பிட்டார்கள். ஏற்றினேன்.

பிறகு சொன்னேன். வி.ஆர்.ஆர். இன்னும் ஒருவருக்கும் வரவில்லை. நான் எழுதியதெல்லாம் பொய். கேம் மெசின் இல்லாதவர்களுக்கு அது தேவையும் இல்லை. கடிதங்களைத் திருப்பித் தாருங்கள், கிழித்துவிடுகிறேன். மன்னிக்க வேண்டும்.

லாசர் மாஸ்டர் எழும்பினார்.

"பிள்ளை, கையெழுத்து உம்மடையோ?"

"ஓம்."

"முத்திரை உம்மடையோ?"

"ஓம் மாஸ்டர்."

"அப்ப பத்திரம் சரி. சரியான பத்திரத்தை எழுதின ஆள் வந்து வாயால இல்லை எண்டு சொல்லேலாது. அதுக்கும் ஒரு பத்திரம் வேணும்."

இடப்பக்கம் கை தட்டியது. பெப்ரவரிக்குப் பிறகு இரண்டு பகுதியும் ஒத்துக்கொண்ட முதல் விசயம். எந்தக் கையால் எழுதினேனோ அதே கையால் இரத்துப் பத்திரமும் எழுதலாமா என்று ஒருவர் கேட்டார். அது விதிகளில் இல்லை என்றார் மாஸ்டர். பிறகு வாக்கெடுப்பு. "வி.ஆர்.ஆர். வந்துவிட்டது" என்ற தீர்மானத்துக்கு ஆதரவு இருபத்தொன்பது, எதிர்ப்பு இல்லை, நடுநிலை ஒன்று. நடுநிலை பாலேந்திரன் அண்ணை. சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

நான் கைகழுவுகிற இடத்துக்குப் போய் முகத்தைக் கழுவினேன். தவநாயகி அக்கா பின்னால் வந்தார்.

"எனக்குத் தெரியும் பிள்ளை."

"என்னக்கா?"

"வரேல்லை எண்டு. படம் முன்னைய மாதிரியேதானே ஓடுது. அவருக்குப் பெரிய ரிவியில ஆசை. ஆசையா இருக்கு எண்டு சொல்லியிருந்தால் நான் ஒண்டும் சொல்லியிரன். வி.ஆர்.ஆர். எண்டார். நானும் பிடிச்ச பிடியில நிண்டிட்டன். மூண்டு மாசம் கதையாமல் இருந்து எனக்கும் அலுத்துப்போச்சு. இறங்கி வரவும் ஒரு காரணம் வேணுமே. நீர் ஒரு கடுதாசி தந்தீர்." முகம் துடைக்கக் கைலேஞ்சியை நீட்டினார். "அதைத் திருப்பிக் கேக்காதையும்."

கேட்கவில்லை. தேநீரும் வடையும் தந்தார்கள். சாப்பிட்டேன்.

மார்ச் 15, செவ்வாய்

வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டு போனேன். இராஜேந்திரன் அண்ணை வாசலிலேயே நின்றார்.

"மாஸ்டர் எல்லாம் சொன்னவர். கெட்டிக்காரிதான் நீங்கள். இல்லை எண்டு சொன்னபடியால்தான் அவை ஓம் எண்டவை. எனக்கு இந்த மூளை வந்திராது."

விளங்கப்படுத்தப் பார்த்தேன். முடியவில்லை. கார்ட்டுக்கான கடிதம் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்: நிரந்தர ஒப்பந்தம், நம்பிக்கையான ஊழியர். முத்திரை இந்த முறை கடை முத்திரை. இரண்டு தரம் பார்த்தேன்.

அந்த முத்திரையில் என் பெயர் போட்டதை மட்டும் மறக்க மாட்டேன் என்றேன். "சரி, சரி," என்றார்.

ஏப்ரல் 27, புதன்

கொம்பனி அனுப்பிவிட்டது. உண்மையான வி.ஆர்.ஆர். இராத்திரி எல்லா வீட்டிலும் தானே இறங்கியிருக்கிறது.

இன்று கடைக்கு ஒருவரும் வரவில்லை.

ஏப்ரல் 30, சனி

தவநாயகி அக்கா மரக்கறிப் பையோடு கண்ணாடிக்கு வெளியே கை காட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் பாலேந்திரன் அண்ணை, வாழைக்குலை தோளில். இருவரும் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டு போனார்கள்.

மே 5, வியாழன்

ஆன்ஜெலிக் வந்தாள். மகிழ்ச்சியாக இருப்பாள் என்று பார்த்தால், இல்லை. வி.ஆர்.ஆர். வேலை செய்கிறதாம், படம் கிழியவில்லையாம், ஆனால் இருட்டான இடங்களில் வெளிச்சம் மினுக்கு மினுக்கென்று அடிக்கிறதாம். ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு நிறுத்திப்போட்டாள்.

"அப்ப இவ்வளவும் என்னத்துக்கு?" என்றேன்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். நானும். பயணப் பெட்டி வாங்க வந்த ஒரு கிழவர் பயந்துபோய் வெளியே போய்விட்டார்.

ஜூன் 2, வியாழன்

கார்ட் வந்தது. நான்கு வருடம்.

ஜூன் 19, ஞாயிறு

ஆன்ஜெலிக் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது தடவை. நான்காம் மாடி, லிஃப்ற் இல்லை. கார் ஓட்டுகிற கேம். என் கார் இன்றும் கடலுக்குள் விழுந்தது, ஒன்பது தரம். அவள் இரசம் ஊற்றிக் குடித்துக்கொண்டு, பிரெஞ்சில் என்னை ஏசிக்கொண்டு இருந்தாள். கடைசியில் ஒரு சுற்று முழுதாக முடித்தேன். கடைசி இடம். ஆனால் முடித்தேன்.

வெளிக்கிடும்போது, வாற ஞாயிறு தனக்கு வேலை என்றாள். சரி, அடுத்த கிழமை பார்ப்போம் என்றேன்.

"ஏன்? நீங்கள் வந்து கார் ஓடிப் பழகுங்கோ அக்கா. பிரிஜ்ஜில சாப்பாடு இருக்கும்." மேசை லாச்சியிலிருந்து வீட்டுக் கதவைத் திறக்கிற மாற்றுத் திறப்பை எடுத்து என் கையில் வைத்தாள்.

ரயிலில் அதைக் கைப்பைக்குள் வைத்தேன். பிறகு எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். நான் இறங்க வேண்டிய பொபினி வருமட்டும் இரண்டு மூன்று தரம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.